பட்டைச் சுருள் பேரடைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பட்டைச் சுருள் பேரடை என்று எதைச் சொல்கிறார்கள்?

கோடிக்கணக்கான விண்மீன்களும் வாயுவும் தூசும் கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளும் தம் ஈர்ப்பால் ஒன்றாகப் பிணைந்திருக்கும் பெருந்தொகுதியைப் பேரடை என்கிறோம். கேலக்ஸி, விண்மீன் மண்டலம், விண்மீன் திரள் என்று பாடநூல்களும் இதழ்களும் பலவாறு எழுதுவது இதைத்தான். நம் பால்வழியைப் போன்ற பேரடைகளில் பெரும்பாலான விண்மீன்கள் ஒரு தட்டில் சுற்றி வருகின்றன. அந்தத் தட்டின் நடுவே, மையத்துக்கு இருபுறமும் நீண்டு, விண்மீன்கள் செறிந்த ஒரு நீள்வடிவம் தெரிந்தால் அதுவே பட்டை. இத்தகைய பேரடைகளில் சுருள் கரங்கள் மையத்திலிருந்து கிளம்புவதில்லை; பட்டையின் இரு முனைகளிலிருந்து கிளம்புகின்றன.

எடுத்துக்காட்டாக ஒன்றைச் சொல்வதென்றால், எரிடானசு விண்மீன் குழுவில் உள்ள என்ஜிசி 1300 என்ற பேரடையைத்தான் சொல்ல வேண்டும். ஜான் ஹெர்ஷல் 1835ஆம் ஆண்டில் கண்டுபிடித்த இது நம்மிடமிருந்து 6 முதல் 7 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. ஹபிள் தொலைநோக்கி 2004இல் எடுத்த படத்தில், மஞ்சள் ஒளி படர்ந்த பட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நேராக ஓடுவதையும், முனையை எட்டியதும் நீல நிறக் கரங்கள் ஏறத்தாழச் செங்குத்தாகத் திரும்புவதையும் காணலாம். மஞ்சள் நிறம் வயது முதிர்ந்த விண்மீன்களுடையது. நீலம் அண்மையில் பிறந்தவற்றுடையது. அந்த நிற வேறுபாட்டின் காரணம் பின்வரும் விடைகளில் தெளிவாகும்.

லிக் ஆய்வகத்தைச் சேர்ந்த ஹீபர் கர்ட்டிஸ் 1918இல் இவற்றைத் தனி வகையாக அடையாளம் கண்டபோது, வட்டத்தின் குறுக்கே கோடு கிழித்தது போன்ற கிரேக்க எழுத்தான ‘ஃபை’யின் பெயரை இட்டார். பட்டைச் சுருள் என்ற பெயரையும், எஸ்பி என்ற குறியீட்டையும் 1926இல் நிலைநாட்டியவர் எட்வின் ஹபிள்.

பட்டை என்பது கம்பி போன்ற திடமான ஒரு பொருளா?

இல்லை. பட்டைக்குள் விண்மீன்களுக்கு இடையே உள்ள தூரம் மிகப் பெரிது; ஒன்றோடொன்று மோதுவது அநேகமாக நிகழாத செயல். பட்டை என்பது கோடானுகோடி சுற்றுப்பாதைகள் ஒரே திசையில் நீண்டு அடுக்கப்பட்டதால் உண்டாகும் வடிவம்.

சுருள் கரங்களை விளக்கும்போது கிரிவலக் கூட்டத்தை உவமையாகச் சொல்வது வழக்கம். பாதை குறுகும் இடத்தில் நெரிசல் நிற்கும். ஆனால் நெரிசலில் நிற்கும் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். இந்த உவமை கரங்களுக்குப் பொருந்தும் அளவுக்குப் பட்டைக்குப் பொருந்தாது. பட்டையில் இருக்கும் விண்மீன்களில் பெரும்பாலானவை அதிலேயே நீண்ட காலம் தங்கியிருப்பவை. ஒரு விண்மீன் பட்டையின் ஒரு முனை அருகே வரை போய், வளைந்து திரும்பி, மையத்தை ஒட்டிக் கடந்து, மறுமுனைக்குப் போகிறது. முனையில் அதன் வேகம் குறைவு, ஆகவே அங்கே அதிக நேரம் செலவிடுகிறது. மையத்தருகே விரைந்து கடக்கிறது. அது இப்படி ஓடிக்கொண்டிருக்கையில் பட்டை முழுவதும் தன் வடிவம் மாறாமல், கடிகார முள் போல, மெல்லச் சுழல்கிறது.

விண்மீன்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்றும்போது பட்டை ஏன் சுருண்டு கலைந்துவிடுவதில்லை?

பேரடைத் தட்டில் மையத்துக்கு அருகில் உள்ள விண்மீன் ஒரு சுற்றை விரைவில் முடித்துவிடும்; தள்ளியிருப்பது அதே சுற்றுக்குப் பல மடங்கு காலம் எடுத்துக்கொள்ளும். எனவே இன்று நேராக நிற்கும் விண்மீன் வரிசை இரண்டு மூன்று சுற்றுகளில் கயிறு முறுக்கியது போல ஆகிவிட வேண்டும். பட்டை அப்படி ஆவதில்லை.

இதற்கான விடை விண்மீனின் சுற்றுப்பாதை எந்த வடிவம் உடையது என்பதில் இருக்கிறது. விண்மீன் மையத்தைச் சுற்றிவரும்போதே உள்ளும் வெளியுமாக ஊசலாடவும் செய்கிறது. சுற்றும் காலமும் ஊசலாடும் காலமும் ஒத்துப்போகாததால் அதன் பாதை, கிளம்பிய இடத்திலேயே வந்து மூடுவதில்லை. இதழ்களை அடுக்கி வரைந்த கோலம் போலச் சற்றே நகர்ந்து நகர்ந்து போகிறது. இப்போது நாம் மேலே நின்று, சரியான ஒரு வேகத்தில் நம்மையே சுழற்றிக்கொண்டு பார்த்தால், அதே பாதை மூடிய ஒரு நீள்வட்டமாகத் தெரியும். வேறு சொற்களில், விண்மீன் விரைவாகச் சுற்றுகிறது. அது சுற்றும் நீள்வட்டமோ மிக மெதுவாகத் திரும்புகிறது. விண்மீனின் வேகம் தூரத்துக்குத் தூரம் பெரிதும் மாறினாலும், நீள்வட்டம் திரும்பும் வேகம் தட்டின் உட்பகுதி முழுவதிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது என்பதுதான் இங்கே நமக்கு வாய்த்த வசதி. அந்தச் சிறு வேறுபாட்டை விண்மீன்களின் சொந்த ஈர்ப்பே சரிக்கட்டி, எல்லா நீள்வட்டங்களையும் ஒரே திசையில் பூட்டிவிடுகிறது. இந்தச் சிக்கிக்கொள்ளும் போக்கை 1979இல் டொனால்ட் லிண்டன்-பெல் விளக்கினார்.

இந்தப் பூட்டுக்கு ஓர் எல்லையும் உண்டு. விண்மீன் சுற்றும் வேகமும் பட்டை சுழலும் வேகமும் சமமாகும் தூரத்தை உடன்சுழற்சி வட்டம் என்பார்கள். அதற்கு உள்ளே இருக்கும் விண்மீன்கள் பட்டையை முந்துகின்றன. வெளியே இருப்பவை பட்டைக்குப் பின்தங்குகின்றன. வெளியே உள்ள பாதைகள் பட்டைக்குக் குறுக்காக நீள்வதால் அவை பட்டையைத் தாங்க முடியாது. எனவே எந்தப் பட்டையும் உடன்சுழற்சி வட்டத்தைத் தாண்டி நீளாது. அளந்து பார்த்த பேரடைகள் பலவற்றில் அந்த வட்டத்தின் ஆரம் பட்டையின் அரை நீளத்தைப் போல 1 முதல் 1.4 மடங்கு வரை இருக்கிறது. அதாவது பட்டைகள் தம் எல்லையை ஏறக்குறைய எட்டியே நிற்கின்றன.

பட்டை எப்படித் தோன்றுகிறது?

பட்டை தோன்றுவதை விட, தோன்றாமல் தடுப்பதுதான் கடினம் என்பதை முதலில் காட்டியவை கணினிகள். 1970களின் தொடக்கத்தில் விண்மீன் தட்டுகளைக் கணினியில் சுழலவிட்டவர்கள், சில சுற்றுகளுக்குள் எல்லாத் தட்டுகளும் பட்டையாக உருமாறிவிடுவதைக் கண்டு திகைத்தார்கள். ஜெரமையா ஆஸ்ட்ரைக்கரும் ஜேம்ஸ் பீபிள்சும் 1973இல் சில நூறு துகள்களே கொண்ட மாதிரியை வைத்து, தட்டைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத பெரிய நிறை உறை ஒன்று இருந்தால் தட்டு நிலைத்திருக்கும் என்று வாதிட்டார்கள். கரும்பொருள் என்ற கருத்து வலுப்பெற்றதில் அந்தக் கட்டுரைக்கும் பங்கு உண்டு.

இதன் பின்னணியில் உள்ள காரணம் எளியது. விண்மீன்கள் ஒழுங்காக, ஒரே சீரான வட்டங்களில் சுற்றும் தட்டைக் ‘குளிர்ந்த’ தட்டு என்பார்கள். அப்படிப்பட்ட தட்டில் எங்காவது சிறிது நிறை கூடிவிட்டால் அது அக்கம்பக்கத்தை இழுத்து மேலும் கூடும். தட்டின் சுழற்சியே அந்தக் குலைவைப் பெருக்கும். அண்டைப் பேரடை ஒன்று நெருங்கிக் கடந்து செல்லும்போது ஏற்படும் இழுப்பும் இதே வேலையைத் தொடங்கி வைக்கலாம். விண்மீன்களின் தாறுமாறான அசைவு கூடினால், அதாவது தட்டு ‘சூடேறினால்’, இந்தப் பெருக்கம் அடங்கும்.

கரும்பொருள் உறை பட்டையைத் தடுக்கிறது என்ற முதல் முடிவு பாதி உண்மைதான். அது பட்டை தோன்றுவதைத் தாமதப்படுத்துகிறது. ஆனால் தோன்றிய பிறகு அதே உறை பட்டையை மேலும் வலுவாக்குகிறது என்று 2002இல் லியா அதனசூலா காட்டினார். இதன் காரணத்தைச் சந்திரசேகரைப் பற்றிய விடையில் சொல்கிறேன்.

எத்தனை பேரடைகளில் பட்டை இருக்கிறது? ஒவ்வொருவரும் ஒவ்வோர் எண்ணைச் சொல்கிறார்களே?

நம் அண்மைப் பகுதியில் உள்ள தட்டுப் பேரடைகளில் மூன்றில் ஒரு பங்கு என்றும் மூன்றில் இரண்டு பங்கு என்றும் இரு விதமாக எழுதப்படுகிறது, இரண்டும் சரியே. கண்ணால் காணும் ஒளியில், எடுப்பாகத் தெரியும் வலுவான பட்டைகளை மட்டும் எண்ணினால் முதல் விடை வரும். அகச்சிவப்பில் பார்த்து, மெலிந்த பட்டைகளையும் சேர்த்தால் இரண்டாவது வரும். தூசு கண்ணொளியை மறைக்கும். அகச்சிவப்பு அதை ஊடுருவி முதிய விண்மீன்களைக் காட்டும். பட்டை முதிய விண்மீன்களாலேயே ஆனது என்பதால் அதன் உண்மையான உருவம் அங்கேதான் தெரிகிறது.

பட்டை உள்ளது, இல்லாதது என்று கறாராக இரண்டாகப் பிரிப்பதும் பொருந்தாது. ஜெரார் டி வோகுலர் 1959இல் இரண்டுக்கும் நடுவே எஸ்ஏபி என்று ஓர் இடைநிலை வகையைச் சேர்த்தார். என் கருத்தில் அது ஹபிளின் பிரிவை விட நேர்மையானது.

ஹபிளின் இசைக்கவை வரைபடம் பேரடைகளின் வளர்ச்சியைக் காட்டுகிறதா?

இல்லை. 1936இல் வெளிவந்த அந்த வரைபடம் நீள்வட்டப் பேரடைகளைக் கைப்பிடியாகவும், சாதாரணச் சுருள்களையும் பட்டைச் சுருள்களையும் இரு கிளைகளாகவும் வைக்கிறது. இடமிருந்து வலமாக ஒன்று மற்றொன்றாக வளர்கிறது என்று அதைப் படிப்பது தவறு. கிளைக்குக் கிளை தாவுவதுதான் உண்மையில் நடக்கிறது. பட்டையில்லாத பேரடை பட்டை பெறுவது இயல்பான நிகழ்வு.

பட்டையின் நெடுகத் தெரியும் கரிய கோடுகள் என்ன?

அவை தூசுக் கோடுகள். பட்டைச் சுருள் பேரடையின் படத்தில் என் கண் முதலில் தேடுவது இவற்றைத்தான். ஏனெனில் ஒரு பேரடையின் போக்கையே மாற்றும் வேலை அந்த மெல்லிய கோடுகளில்தான் நடக்கிறது.

விண்மீன்கள் ஒன்றையொன்று ஊடுருவிக் கடக்கலாம். அவற்றின் பாதைகள் குறுக்கிட்டாலும் கேடில்லை. வாயு முகில்களுக்கு அந்த வசதி கிடையாது. இரண்டு முகில்கள் ஒரே இடத்துக்கு வந்தால் மோதத்தான் வேண்டும். தட்டில் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு முகிலை எடுத்துக்கொள்வோம். அது பட்டையின் ஆட்சிக்குள் வந்ததும் அதன் பாதை நீள்கிறது. பட்டையின் முனையைத் திரும்பி உள்நோக்கி விழும்போது, சுழலும் திசையில் பட்டையின் முன்விளிம்பை ஒட்டி, ஏற்கெனவே தேங்கியிருக்கும் வாயுவின் மீது ஒலியை மிஞ்சிய வேகத்தில் மோதுகிறது. இதுவே அதிர்ச்சி அலை. அங்கே வாயு நெருக்கப்படுகிறது, கூடவே தூசும் நெருங்கிக் கரிய கோடாகத் தெரிகிறது. மோதலில் முகில் தன் கோண உந்தத்தை, அதாவது மையத்தைச் சுற்றிச் சுழலும் உந்துதலை, இழக்கிறது. இழந்ததால் பழைய தூரத்தில் சுற்ற முடியாமல் கோட்டின் வழியே மையத்தை நோக்கி வழிகிறது. தூசுக் கோடுகள் இத்தகைய அதிர்ச்சிகளே என்பதை 1992இல் அதனசூலாவின் கணக்கீடுகள் விளக்கமாகக் காட்டின.

அவ்வளவு வாயு நெருங்கியும் அந்தக் கோடுகளில் புதிய விண்மீன்கள் பெரிதாகப் பிறப்பதில்லை. அடுத்தடுத்த வாயு அடுக்குகள் மிக வேறுபட்ட வேகத்தில் உரசி ஓடுவதால், முகில்கள் திரண்டு சுருங்குவதற்குள் பிய்ந்துபோகின்றன. என்ஜிசி 1300இன் பட்டை மஞ்சளாகவே இருப்பதற்கு இது ஒரு காரணம்.

அப்படி வழியும் வாயு எங்கே போய்ச் சேருகிறது?

மையத்திலிருந்து சில நூறு முதல் சில ஆயிரம் ஒளியாண்டு தூரத்தில், பட்டைக்குள் உள்ள பாதைகளின் போக்கு மாறுகிறது. நீளமான பாதைகளுக்குப் பதிலாக ஏறக்குறைய வட்டமான பாதைகள் அமைகின்றன. வந்த வாயு அங்கே தேங்கி ஒரு வளையமாகிறது. 4.5 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள என்ஜிசி 1097இல் இத்தகைய வளையம் சுமார் 5,000 ஒளியாண்டு குறுக்களவுடன், இளம் விண்மீன் கொத்துகளைக் கோத்த மாலை போல ஒளிர்கிறது. பட்டை முழுவதும் பிறப்பின்றிக் கிடக்க, அதன் நடுவே இத்தனை பிறப்பு. சிம்ம விண்மீன் குழுவில் உள்ள மெசியர் 95இலும் இதே காட்சிதான்: நடுவில் ஒளிரும் சிறு வளையம், பட்டையின் முனைகளை ஒட்டி வெளியே மற்றொரு வளையம், இரண்டுக்கும் இடையே புதிய விண்மீன்கள் அரிதான வறண்ட பகுதி. பட்டை அந்தப் பகுதியை வழித்துத் துடைத்துவிட்டது.

என்ஜிசி 1300இன் நடுவே ஹபிள் கண்டது இன்னும் நுணுக்கமானது. பெரிய பட்டையின் நட்டநடுவில் சுமார் 3,300 ஒளியாண்டு அளவில் ஒரு குட்டிச் சுருள் இருக்கிறது. அளவில் சிறியதே தவிர, அழகில் பெரியதற்குக் குறைந்ததல்ல.

பட்டை மையக் கருந்துளைக்கு இரை ஊட்டுகிறதா?

வாயுவை அருகே கொண்டுவந்து சேர்க்கிறது. ஊட்டுகிறது என்று சொல்லிவிட முடியாது. வளையம் வரை வந்த வாயு, கருந்துளையை அடைய இன்னும் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழாகத் தன் தூரத்தைக் குறைக்க வேண்டும். பெரிய பட்டைக்குள் சிறிய பட்டை ஒன்று அமைந்து இந்த வேலையைத் தொடரலாம் என்று 1989இல் ஐசக் ஷ்லோஸ்மன், ஜுஹான் ஃபிராங்க், மிட்செல் பெகல்மன் ஆகியோர் முன்வைத்தார்கள். அத்தகைய இரட்டைப் பட்டைகள் மெய்யாகவே பல பேரடைகளில் உள்ளன. ஆனாலும் மையம் கொதிக்கும், அதாவது கருந்துளை வாயுவை விழுங்குவதால் மையம் ஒளிரும், பேரடைகளில் பட்டைகள் மிகுதியா என்று எண்ணிப் பார்த்த ஆய்வுகள் ஒரே விடையைத் தரவில்லை.

பட்டையின் சுழற்சி காலப்போக்கில் மாறுமா? இதில் சந்திரசேகருக்கு என்ன தொடர்பு?

மாறும், மெதுவாகும். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று பின்னர் சிகாகோவில் பணியாற்றிய சுப்பிரமணியன் சந்திரசேகர் 1943இல் ஒரு விளைவைக் கணித்தார். எண்ணற்ற துகள்கள் நிறைந்த வெளியில் ஒரு கனமான பொருள் நகரும்போது, அதன் ஈர்ப்பு துகள்களைத் தன் பின்னால் குவிக்கிறது. குவிந்த அந்த நிறை பொருளைப் பின்னோக்கி இழுக்கிறது. எதனோடும் மோதாமலே இப்படி வேகம் குறைவதை இயக்க உராய்வு என்பார்கள். விண்மீன் கொத்துகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட அந்தக் கணக்கு, நாற்பது ஆண்டுகள் கழித்து, கரும்பொருள் உறைக்குள் சுழலும் பட்டைக்கும் பொருந்தும் என்று தெரியவந்தது.

பட்டை தன் கோண உந்தத்தைக் கரும்பொருள் துகள்களுக்குக் கொடுக்கிறது. கொடுக்கக் கொடுக்கச் சுழற்சி குறைகிறது. அதேசமயம் பட்டைக்குள் உள்ள பாதைகள் மேலும் ஒல்லியாகி, அதுவரை வெளியே வட்டமாகச் சுற்றிய விண்மீன்களையும் பட்டை பிடித்துச் சேர்த்துக்கொள்கிறது. உந்தத்தை இழந்துதான் பட்டை வளர்கிறது. ஒரு பேரடையின் நடுவயதில் நடப்பவை எல்லாவற்றையும், வாயு வழிவது உட்பட, இந்தக் கோண உந்தக் கொடுக்கல் வாங்கலாகவே புரிந்துகொள்ளலாம்.

நம் பால்வழியின் பட்டை தோன்றிய நாளிலிருந்து குறைந்தது 24 விழுக்காடு வேகம் இழந்திருக்கிறது என்று, கையா விண்கலம் அளந்த விண்மீன் அசைவுகளைக் கொண்டு 2021இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. நேரடியாகக் காண முடியாத கரும்பொருள் நிஜமாகவே அங்கே இருந்து பட்டையைப் பிடித்து இழுக்கிறது என்பதற்கு இது ஒரு சான்றாகிறது.

பக்கவாட்டில் பார்த்தால் சில பேரடைகள் நிலக்கடலை வடிவில் தெரிவது ஏன்?

தோலோடு கூடிய நிலக்கடலை நடுவில் ஒடுங்கி இருபுறமும் புடைத்திருக்குமே, அதே உருவம். தட்டுக்குள் கிடக்கும் பட்டை மெல்லியதாகவே பிறக்கிறது. சிறிது காலத்துக்குப் பிறகு அது தட்டுக்கு மேலும் கீழுமாக வளைந்து நெளிகிறது. நெளிவு அடங்கும்போது விண்மீன்களின் பாதைகள் செங்குத்தாக உயர்ந்து, இரு புடைப்புகள் மிஞ்சுகின்றன. இதை 1981இல் பிரான்சுவாஸ் கோம்பும் ராபர்ட் சாண்டர்சும் கணினி மாதிரியில் கண்டார்கள். விளிம்பு காட்டி நிற்கும் தட்டுப் பேரடைகளில் ஏறக்குறைய பாதியில் இத்தகைய பெட்டி அல்லது நிலக்கடலை உருவம் உள்ளது. மெசியர் 90, என்ஜிசி 3227 ஆகிய இரண்டும் இந்த நெளிவின் நடுவே இருப்பதாக 2016இல் அறிவிக்கப்பட்டது; அண்டக் கணக்கில் அது கணப்பொழுது நிகழ்வு என்பதால் கையும் களவுமாகப் பிடிபடுவது அரிது.

நம் பால்வழியிலும் பட்டை உண்டா?

உண்டு. நாம் தட்டுக்குள்ளேயே இருப்பதால் இதை நிலைநாட்ட நெடுநாள் ஆயிற்று. வாயுவின் வேகங்கள் வட்டப் பாதைக்கு ஒத்துவரவில்லை என்பதைக் கொண்டு டி வோகுலர் 1964லேயே பட்டை இருக்கலாம் என்றார். பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1991இல் ஜேம்ஸ் பின்னியும் உடனிருந்தவர்களும் வாயுவை வைத்தும், லியோ பிளிட்சும் டேவிட் ஸ்பெர்கலும் அகச்சிவப்பு ஒளியை வைத்தும் அதே முடிவுக்கு வந்தார்கள். பின்னர் கோபி செயற்கைக்கோள் மையப் புடைப்பின் ஒரு பக்கம் மற்றதை விடப் பெரிதாகத் தெரிவதைக் காட்டியது. பட்டையின் ஒரு முனை நம் பக்கம் சாய்ந்திருந்தால் அப்படித்தான் தெரியும். 2005இல் ஸ்பிட்சர் தொலைநோக்கி சுமார் 3 கோடி விண்மீன்களைக் கணக்கெடுத்து, பட்டையின் நீளம் சுமார் 27,000 ஒளியாண்டு என்றது. அதன் முனைகளில் உள்ளவை பட்டையா, கரங்களின் தொடக்கமா என்ற வாதம் இருப்பதால், அரை நீளம் 11,000 முதல் 16,000 ஒளியாண்டு வரை பலவாறு சொல்லப்படுகிறது.

பட்டை ஒரு முறை சுழல ஏறத்தாழ 16 கோடி ஆண்டுகள் ஆகின்றன. மையத்திலிருந்து சுமார் 26,700 ஒளியாண்டு தள்ளியிருக்கும் சூரியன் ஒரு சுற்று முடிக்க இதைவிட அதிக காலம் ஆவதால், பட்டை நம்மை முந்திக்கொண்டே இருக்கிறது. மையத்தை ஒட்டிய விண்மீன் தட்டின் வயதைக் கொண்டு, பட்டை தோன்றி சுமார் 800 கோடி ஆண்டுகள் இருக்கலாம் என்று அண்மை ஆய்வு ஒன்று சொல்கிறது. பட்டை வாயுவைக் கொண்டுவந்து கொட்டிய பிறகே அந்தத் தட்டு உருவாகியிருக்க முடியும் என்பது அதன் வாதம்.

ஜூன், ஜூலை மாதங்களில் மேகமற்ற இருண்ட இரவு வாய்த்தால் தெற்கு நோக்கி நின்று தனுசையும் விருச்சிகத்தின் வாலையும் பாருங்கள். அங்கே பால்வழி தடித்துத் தெரிவது மையப் புடைப்பு. அதற்கு இடப்புறம், கிழக்கே ஏறிச் செல்லும் திசையில்தான் பட்டையின் நம்மை நெருங்கிய முனை இருக்கிறது. இடையில் கிடக்கும் தூசு அதை மறைத்துவிடுகிறது.

முதல் பட்டைகள் எப்போது தோன்றின?

இந்த விடை கடந்த சில ஆண்டுகளில் மாறிவிட்டது. 2008இல் கார்த்திக் சேத் தலைமையிலான குழு, ஹபிள் படங்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சுருள் பேரடைகளை ஆராய்ந்து, இன்று மூன்றில் இரண்டு பங்காக உள்ள பட்டைப் பேரடைகள் 700 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஐந்தில் ஒன்றாகவே இருந்தன என்று கண்டது. பெரிய பேரடைகள் முதலில் பட்டை பெற்றன, சிறியவை பின்னர். தட்டு அமைதியடைந்து முதிர்ந்த பிறகே பட்டை வரும் என்ற எண்ணத்துக்கு அது பொருந்தியது.

2022இல் பணியைத் தொடங்கிய ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, அகச்சிவப்பின் உதவியால் ஹபிள் தவறவிட்டவற்றைக் காட்டத் தொடங்கியது. 368 தட்டுப் பேரடைகளை ஆராய்ந்து 2024இல் வெளியான ஆய்வு, 800 முதல் 1,150 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட காலத்தில் ஹபிள் காட்டியதைப் போல இரு மடங்கு பட்டைகள் இருந்தன என்றது. அதற்கு முந்தைய ஆண்டில், சீர்ஸ்-2112 என்ற பேரடை, பெருவெடிப்புக்குப் பின் 210 கோடி ஆண்டுகளிலேயே பட்டையோடு இருந்தது தெரியவந்தது. வாயு மலிந்து கொந்தளித்துக்கொண்டிருந்த அந்த இளம் தட்டுகளில் பட்டை எப்படி அவ்வளவு விரைவாக அமைந்தது என்பதே இப்போதைய கேள்வி. தட்டின் நிறை கரும்பொருளை விட மேலோங்கியிருந்தால் பட்டை விரைந்து வரும் என்பது கணினி மாதிரிகள் தரும் ஒரு விடை.

பட்டை அழியுமா?

எளிதில் அழியாது. மையத்தில் மிகுந்த நிறை குவிந்தால், அதை நெருங்கிக் கடக்கும் நீண்ட பாதைகள் சிதறிப் பட்டை கரையும் என்று ஒரு காலத்தில் எண்ணினார்கள். தான் கொண்டுவந்த வாயுவாலேயே பட்டை அழியும் என்பது கேட்பதற்குக் கதைபோல நன்றாகவும் இருந்தது. 2004இல் ஜுன்டாய் ஷெனும் ஜெரி செல்வுட்டும் செய்த கணக்குகளின்படி அதற்குத் தட்டு நிறையில் சில விழுக்காடு மையத்தில் திரள வேண்டும். உண்மையான கருந்துளைகள் அதைவிட மிகச் சிறியவை. பெரிய மோதல் ஒன்று தட்டையே குலைத்தால் ஒழிய, வலுவான பட்டை பல நூறு கோடி ஆண்டுகள் நிற்கும் என்றே இன்று பெரும்பாலோர் கருதுகிறார்கள்.

பெரிய மெகல்லன் முகிலிலும் பட்டை இருக்கிறதாமே?

இருக்கிறது, ஆனால் நடுவில் இல்லை. சுமார் 1.6 லட்சம் ஒளியாண்டு தொலைவில் உள்ள அந்தச் சிறு பேரடையின் பட்டை தட்டின் மையத்திலிருந்து விலகி நிற்கிறது; கரமும் தெளிவாக ஒன்றுதான். பக்கத்தில் உள்ள சின்ன மெகல்லன் முகிலின் இழுப்பே இதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது. கன்னியாகுமரியில் இந்த முகில் தென்வானில் சுமார் 12 பாகை வரையே எழும். சென்னையில் சுமார் 7 பாகைதான்.

தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் பட்டைச் சுருள்களை நாமே பார்க்க முடியுமா?

முடியும். தென்வானம் நமக்கு நன்றாகத் தெரிவது இதில் பெரிய ஆதாயம். சுமார் 1.5 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள மெசியர் 83, ஏப்ரல், மே இரவுகளில் சென்னையில் 47 பாகை உயரம் வரை வரும். நகர விளக்குகளை விட்டு விலகினால் இருகண் நோக்கியிலேயே மங்கிய திட்டாகத் தெரியும். எட்டு அங்குலத் தொலைநோக்கியில் நடுவே சற்று நீண்ட ஒளியைப் பிரித்தறியலாம்.

ஃபோர்னாக்ஸ் குழுவில் உள்ள என்ஜிசி 1365 இன்னும் எடுப்பான பட்டை உடையது. அது நன்றாக உயர்ந்து நிற்கும் நவம்பரும் டிசம்பரும் வடகிழக்குப் பருவமழைக்கு உரியவை என்பதால், நம் ஊர்க்காரர்கள் பொங்கலை ஒட்டிய அமாவாசை இரவுகளுக்குக் காத்திருப்பதே நல்லது. இருட்டியதும் தெற்கே பார்க்க வேண்டும். முதலில் மையம் மட்டும் பஞ்சுத் துணுக்கு போலத் தெரியும். கண்ணை நேராக அதன்மேல் வைக்காமல் சற்று விலக்கிப் பார்த்துக்கொண்டே இருங்கள். இருளுக்குக் கண் பழக, பழக, துணுக்கின் இருபுறமும் பட்டை நீளும். பத்து அங்குலத்துக்கு மேற்பட்ட தொலைநோக்கியும் உண்மையிலேயே இருண்ட வானும் இருந்தால், பட்டையின் முனையில் கரம் மடங்கித் திரும்பும் இடமும் புலப்படும்.